கடைசிக் காம்பராக் கதவு

அம்மாவின் சாட்சி எனக்கு மனப்பாடம். எங்கே குரல் தழுதழுக்கும், எங்கே முந்தானை மூக்குக்குப் போகும், எங்கே சபையார் ஸ்தோத்திரம் சொல்வார்கள் என்பதெல்லாம் தெரியும். கார்த்திகை மழை பிடித்த பிறகு வருகிற ஏதாவது ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டுக்கு முன்னால், அம்மா எழுந்து முன்னே போவார். மூன்று நிமிஷம். அதற்குள் ஒரு மலை சரியும், ஒரு லயம், தோட்டத்து வரிசை வீடு, பாதி புதையும், ஒரு குடும்பம் பிழைக்கும். பிழைத்த குடும்பத்தில் நானும் ஒருவன் என்பதால் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்ன வயதில் அது பெருமை. வளர்ந்த பிறகு கூச்சம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே எல்லோருக்கும் சாயத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். நத்தார் நாடகத்தில் பேத்தி ஆட்டுக்குட்டியாக வருகிறாள் என்பதற்காக ஒத்திகைக்குக் கூட்டிவந்த ஒரு பெண் கடைசி வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நெற்றியில் திருநீறு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் கோப்பையோடு அம்மாவிடம் வந்தார். அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார், எங்கள் பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில், கடைசி அறையில், இருந்த அம்மாயியின் கடைக்குட்டி மகள் என்று. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் கோபமாகவெல்லாம் பேசவில்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"அக்கா, எங்கம்மாவுக்குக் காது கேக்காது. அது ஆண்டவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

அம்மா எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்.

நடந்தது இதுதான். நான் நாலாம் வகுப்பு. இலங்கை மலைநாட்டில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பத்துக் காம்பரா லயம், எங்களுடையது ஒன்பதாவது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம், பின்னால் மண்மேடு. நாலு நாளாக விடாத மழை. நடுச்சாமத்துக்கு மேல் கதவு இடிபட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டார், அம்மா தங்கச்சியைச் சாக்குப் படங்கில் சுற்றி எடுத்துக்கொண்டார், இருட்டில் வழுக்கி வழுக்கி இறங்கித் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் போய் ஒதுங்கினோம். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மேலே ஒரு சத்தம். லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி. எட்டு, ஒன்பது, பத்து மூன்று காம்பராவும் போய்விட்டது. பத்தாவதில் தனியாக இருந்த அம்மாயி மட்டும் வரவில்லை என்பது வெளிச்சம் வந்து தலையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மகள் அப்போது கொழும்பில் யாரோ வீட்டில் வேலைக்கு இருந்தார். பதினேழு வயது.

அம்மாவின் வசனம் தொண்ணூற்றோராம் சங்கீதம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." வாக்குத்தத்த அட்டையாக இது எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் தொங்குகிறது! எங்கள் வீட்டில் கதவுக்கு மேலே. அந்த ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதுதான் எனக்கு உறைத்தது. லயத்தில் இஸ்தோப்பைப் பார்த்து நின்றால் அம்மாயியின் காம்பரா எங்களுக்கு வலதுபுறம். முப்பத்தைந்து வருஷமாக அந்த வசனத்தின் கடைசிப் பாதியை மட்டும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விழுந்த பதினாயிரம் பேருக்கும் முகம் கிடையாது என்று யாரோ எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி.

மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எங்களுக்கு மழைதான் தேயிலைக் கொழுந்து, கொழுந்துதான் சம்பளம். வெயில் காய்ந்தால் மழைக்கு ஜெபிப்போம், பெய்தால் நிற்கச் சொல்லி ஜெபிப்போம். இரண்டு ஜெபமும் ஒரே ஆண்டவரிடம்தான் போகிறது. மேல் டிவிசனில் நாற்றங்கால் தவறணைக் கன்றுக்கு மழை கேட்டு ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, கீழ் டிவிசனில் சுவர் வெடித்த வீட்டுக்காரர் மழை போதும் என்று ஜெபித்ததை ஒரே கூட்டத்தில் நானே கேட்டிருக்கிறேன். போதகர் இரண்டுக்கும் ஆமென் சொன்னார்.

என் மனைவி கத்தோலிக்கர், கண்டிப் பக்கம். அவர் வீட்டில் புனித யோசேப் வாஸ் அடிகளாரின் படம் இருக்கிறது. கோவாக்காரர். டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கினார். கூலியாள் வேஷம் என்று கேட்டதும் எனக்கு அவரை உடனே பிடித்துப் போனது, அது வேறு விஷயம். 1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். பிறகு நாட்டில் கடும் வறட்சி வந்தது என்றும், அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்டுக்கொண்டபடி அவர் வெட்டவெளியில் பீடம் வைத்து ஜெபித்ததும் மழை கொட்டியது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் சொல்வார்கள். மனைவியின் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு ஜனவரி 16 போகாது. அவர் 1711இல் கண்டியில் இறந்த நாள் அது.

அவரைப் புனிதராக அறிவித்தது 2015 ஜனவரி 14, கொழும்புக் காலி முகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ். மலைநாட்டில் இருந்து பஸ் பஸ்ஸாகப் போனார்கள். மனைவியும் போனார். நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனம் காலி முகத்திடலில் இல்லை. அதற்கு இரண்டரை மாதம் முன்புதான், 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியிருந்தது. மழையை வரவழைத்தவருக்குத் திருவிழா, மழை மூடிய இடத்தில் இன்னும் மண். இரண்டும் ஒரே தீவில்.

மீரியபெத்தையில் பிள்ளைகள் பலர் தப்பினார்கள், பாடசாலைக்குப் போயிருந்ததால். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்தக் கிழமை எங்கள் சபையில் ஒருவர் எழுந்து, "பிள்ளைகளைக் கர்த்தர் பாடசாலைக்கு அனுப்பிக் காப்பாற்றினார்" என்றார். ஆமென் சத்தம் பலமாகத்தான் வந்தது. நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, தாயில்லாத ஒரு பத்து வயதுப் பிள்ளை நம் வாங்கில் உட்கார்ந்து இதைக் கேட்டால் என்ன நினைக்கும் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். எட்டு வருஷம் கழித்து, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு பெண் அந்த மடிப்பைப் பிரித்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீரியபெத்தை மலை ஆபத்தானது, ஆட்களை இடம் மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எங்கள் லயம் போன பிறகு வந்த பெரிய மனிதர் ஒருவரும், "கடவுள் செய்கிற வேலைக்கு யார் என்ன பண்ண முடியும்" என்றாராம். அப்பா சாகும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், பல்லைக் கடித்தபடி. சரிந்ததும் கடவுள் செயல், பிழைத்ததும் கடவுள் செயல் என்றால் நடுவில் மனிதன் என்று ஒருவனே இல்லையா? மேலே மழைத்தண்ணீர் வடிகிற கானை யார் அடைக்க விட்டது, கதவை யார் தட்டியது?

கதவை யார் தட்டியது என்பது எனக்குத் தெரியும். அங்கேதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

தட்டியவர்

ஆரம்ப காலத்தில் அம்மா சொன்ன சாட்சியில், தோட்டத்தில் கான் வெட்டுகிற வேலை பார்த்த கான்வெட்டு மாமா இருந்தார். "ரெண்டாம் காம்பரா அண்ணன் ஓடியாந்து கதவைத் தட்டினாரு" என்று பேர் சொல்லித்தான் சொல்வார். நாங்கள் டவுன் பக்கம் வந்து, சபை மாறி, கேட்கிறவர்களுக்கு அந்த லயமும் தெரியாது, ஆளும் தெரியாது என்று ஆனபோது, அது "பக்கத்து ஆளு ஒருத்தர்" ஆனது. பிறகு "யாரோ தட்டினாங்க". பிறகு "தட்டுற சத்தம் கேட்டுச்சு". கடைசியில், "ஆண்டவர் என்னைத் தட்டி எழுப்பினாரு". அம்மா பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு சொல் தேய்ந்தது, அவ்வளவுதான். மூன்று நிமிஷத்தில் சொல்லி முடிக்க வேண்டும், சபையும் ஆண்டவர் எப்போது வருவார் என்று காத்திருக்கிறது. நடுவில் நிற்கிற ஆள் இயல்பாகவே ஒதுங்கிவிடுகிறார். அதுவும் அவர் கள்ளுத் தவறணைக்குப் போகிற ஆள், முனிக்குச் சேவல் அறுக்கிற ஆள். போதகருக்கு முன்னால் அவரை எப்படி நிறுத்துவது?

அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போன இரண்டு மாதத்தில், தைப்பொங்கல் லீவில், மாமாவைத் தேடிப் போனேன். அதே தோட்டத்தில், கீழே புதிதாகக் கட்டிய தனி வீட்டில் மகனோடு இருக்கிறார். எழுபத்தைந்து வயது, முழங்கால் போய்விட்டது. என்னை அப்பா பேர் சொல்லித்தான் அடையாளம் கண்டார். வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் போடமாட்டேன் என்றதும், "வாத்தியார் ஆயிட்ட" என்று தானே போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு என்ன நடந்தது மாமா என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. முதலில் பீலியைப் பற்றி ஆரம்பித்தார். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பீலி, மலையில் ஊறுகிற தண்ணீர் இரவும் பகலும் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எல்லோரும் தூங்கினோம். மழை நாளில் அது இன்னும் கூடுதலாக விழ வேண்டும். அன்றைக்கு நடுச்சாமத்தில் அவருக்கு விழிப்பு வந்திருக்கிறது. என்ன என்று தெரியவில்லை, ஏதோ குறைகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்திருக்கிறது. மழைச் சத்தம் இருக்கிறது, பீலிச் சத்தம் இல்லை.

"மழ கொட்டுது, பீலி நிக்குதுன்னா தண்ணி வேற வழி புடிச்சிருச்சுன்னு அர்த்தம் தம்பி. மலைக்குள்ள என்னமோ பொரண்டிருக்கு."

டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார். அந்த வருஷம் கான் வெட்டுக்கு ஆளைக் குறைத்துவிட்டார்களாம். லயத்துக்கு மேலே போகிற கான் மண்ணும் சருகுமாக அடைத்துக் கிடந்திருக்கிறது. அதற்கும் மேலே குறுக்குப் பாதையில் காலை வைத்தவர் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டார். வெடிப்பு. இழுத்துக்கொண்டு எழுந்து, ஓடிவந்து, மண்வெட்டிக் காம்பால் ஒன்றாம் காம்பராவில் இருந்து ஒவ்வொரு கதவாக இடித்துக்கொண்டே போயிருக்கிறார். நீர் ஊற்று திடீரென்று நிற்பதும், நிலம் வெடிப்பதும், மரம் சாய்வதும் மண்சரிவுக்கு அறிகுறி என்று இன்றைக்குப் பாடசாலைகளில் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். நானே மாணவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுகிறேன். மாமா மூன்றாம் வகுப்புத் தாண்டாதவர்.

"நீங்கதான் மாமா எங்கள எழுப்பினது" என்றேன். இதைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் ஒரு கடன் தீரும் என்று நினைத்திருந்தேன்.

"நானா எழுப்புனேன்? முனி எழுப்புச்சு. ஸ்டோர் ரோதமுனிக்கு வருஷா வருஷம் வெட்டுறவன் நானு" என்றார். பிறகு வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஒம்பது கதவும் தொறந்துச்சு. பத்தாங் கதவ தட்டுனேன். அதுக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ரொம்ப நேரம் தட்டுனேன். மேல வேற கல்லு உருளுற சத்தம். பயம் வந்துருச்சு, ஓடிட்டேன். ஒடைக்கிற கதவுதான் தம்பி அது. மக்கிப்போன பலகை. தோள வச்சு ஒரு தள்ளு தள்ளியிருந்தா வுழுந்திருக்கும்."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அடுத்தவங்க கதவ எப்படி ஒடைக்கிறதுன்னு ஒரு நெனப்பு. தனியா இருக்கிற பொம்பள வேற. அந்த நேரத்துல போயி அந்த நெனப்பு."

அதற்கப்புறம் அவர் பேச்சை மாற்றிக் கொழுந்து விலை, பேரன் கொழும்பில் செய்கிற வேலை என்று போய்விட்டார். நான் வந்த காரியம் முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. பேதுருவைத் தேவதூதன் சிறையில் இருந்து விடுவித்த அதிகாரம். ஓய்வுநாள் பாடசாலையில் சங்கிலி கழன்று விழுகிற இடத்தைப் படமாகவே வரைந்திருக்கிறோம். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், ஏரோது யாக்கோபை வாளால் வெட்டிக் கொன்றுவிட்டான். ஒரே வரி. யாக்கோபும் அப்போஸ்தலன்தான், இயேசு முதலில் கூப்பிட்டவர்களில் ஒருவன்தான். அவனுக்கு ஏன் தூதன் வரவில்லை என்று லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. பேதுரு தப்பினதைப் பற்றிப் பதினைந்து வசனம் எழுதின ஆள், யாக்கோபு செத்ததை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். ஆனால் எழுதினார். அதை எடுத்துவிட்டால் பேதுருவின் கதை இன்னும் அழகாக இருந்திருக்கும். எடுக்கவில்லை.

விடுதலையான பேதுரு நேரே போய் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறான். உள்ளே அவனுக்காகத்தான் ஜெபம் நடக்கிறது. கதவுக்கு வந்த பெண்ணின் பேர் ரோதை. குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிடுகிறாள். பேதுரு தட்டிக்கொண்டே நிற்கிறான். எங்கள் ஊரில் ரோதை என்றால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சுற்றுகிற சக்கரம், அதற்குக் காவல்தான் மாமாவின் ரோதமுனி. சின்ன வயதில் இந்தப் பேரைக் கேட்டுப் பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். அந்தப் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறையில் இருந்து வருகிற வழியின் இரும்புக் கதவு தூதனுக்கு முன்னால் தானாகவே திறந்தது, ஆனால் வீட்டுக் கதவு மனிதர்கள் திறக்கும்வரை திறக்கவில்லை. இதை நான் ஐம்பது தடவை வாசித்திருப்பேன்.

எங்கள் பழைய காம்பராவில் ஒரு கலண்டர் படம் இருந்தது. இயேசு கையில் விளக்கோடு ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன் என்ற வசனம் கீழே. அந்தக் கதவுக்கு வெளியே கைபிடி கிடையாது பாருங்கள், உள்ளே இருக்கிறவர்தான் திறக்க வேண்டும், ஆண்டவர் யார் கதவையும் உடைத்துக்கொண்டு வரமாட்டார் என்று ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் விளக்குவார். நல்ல விளக்கம்தான். நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

யோசேப் வாஸ் அடிகளாருக்கும் இன்னொரு கதை உண்டு. மழைக் கதையளவுக்குப் படத்தில் வராத கதை. 1697இல் கண்டியில் பெரியம்மை. அரசனும் பெரியவர்களும் ஊரை விட்டுப் போனார்கள், வீட்டுக்காரர்களே நோயாளிகளைக் கைவிட்டார்கள். அடிகளாரும் கூட இருந்த குருவும் மட்டும் போகவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். நோய் நின்றுபோகும்படி அவர் ஜெபித்தாரா? ஜெபித்துத்தான் இருப்பார். மழை மாதிரி அது சட்டென்று நிற்கவில்லை. 2015இல் அவரைப் புனிதராக அறிவிக்க வழக்கமாகக் கேட்கிற இரண்டாவது புதுமை, அதாவது அற்புதம், தேவையில்லை என்று பாப்பரசரே விட்டுக்கொடுத்துவிட்டார். "அப்போ புதுமை இல்லாமலே புனிதர் ஆக்கிட்டாங்களா?" என்று நான் கேட்டதற்கு மனைவி, "செத்தவங்கள தோள்ல தூக்கிப் புதைச்சது புதுமை இல்லையா?" என்றார். அன்றைக்கு அதை ஒரு பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கத்தோலிக்கர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மிக்குழவி

மாமா சொன்னதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் இழுத்தேன். ஒருநாள் சாயங்காலம், அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கொஞ்சம் குற்றம் சாட்டுகிற தொனி வந்திருக்கும் போல.

"நீங்க சாட்சியில மாமாவ எடுத்துட்டீங்கம்மா. அவர்தான் தட்டினாரு. ஆண்டவர் இல்ல."

அம்மா சுளகை நிறுத்தவில்லை. "அவன் தட்டுனான், சரி. அவன யாரு எழுப்புனது?"

"முனின்னு சொல்றாரு."

"சொல்லட்டும். அவன் யாரச் சொன்னாலும் எழுப்புனது எழுப்புனதுதான்."

இதற்கு எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒரு குடிகாரனுக்கு நடுச்சாமத்தில் இல்லாத சத்தம் கேட்டிருக்கிறது. இருக்கிற சத்தம் கேட்பது பெரிய விஷயமில்லை. முப்பது வருஷம் கானோடு கிடந்த காது என்று சொன்னாலும் சரி, ஆண்டவர் என்று சொன்னாலும் சரி, இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் சரி, நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனாலும் விடாமல் கேட்டேன். "அப்போ அம்மாயி?"

அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

அம்மாயிக்குக் காது கேட்காது, ஆனால் சுவர் அதிர்ந்தால் தெரியும். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர். அம்மா தேத்தண்ணி ஊற்றினால், ரொட்டி சுட்டால், அம்மிக்குழவியால் அந்தச் சுவரில் இரண்டு இடி இடிப்பார். அம்மாயி கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இது எனக்கும் தெரிந்ததுதான். நானே எத்தனையோ தரம் இடித்திருக்கிறேன், பிள்ளைக் கையால் குழவியைத் தூக்க முடியாமல் உருட்டி உருட்டி. இத்தனை வருஷமும் அந்த இடியையும் அந்த இரவையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

"கொழவி கைக்கெட்டுற தூரத்துலதான் கெடந்துச்சு. ஒன் தங்கச்சிய தூக்கயில கால்ல இடிச்சுச்சு. நகம் பேந்து போச்சு. அப்பக்கூட எனக்கு ஞாபகம் வரல."

பெருவிரலைக் காட்டினார். அந்த நகம் கோணலாகத்தான் வளர்ந்திருக்கிறது. ஏதோ தோட்டத்தில் பட்ட காயம் என்று நினைத்திருந்தேன்.

"அந்தப் புள்ள வந்து கேட்டுச்சே, ஆண்டவருக்குத் தெரியாதான்னு. எனக்குத் தெரியும்டா தம்பி. ஆண்டவருக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

பிறகு என்ன பேசினோம் என்று முழுதாக எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். நாற்பது வருஷமாக அந்தச் சாட்சி ஒரு பெருமை என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது அப்படி இருந்ததே இல்லை. ஆண்டவர் எங்களைக் காப்பாற்ற ஏதோ ஒரு நோக்கம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குழவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருஷத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மூன்று நிமிஷம் அதைச் சத்தமாகச் சொல்லாவிட்டால் மீதி நாட்களைத் தள்ள முடியாது என்கிற மாதிரி இருந்தது அவர் பேசியது. கடைசியில் நான் முட்டாள்தனமாக, சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு சொன்னதை எடுத்தேன். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொன்னார், ஏன் விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை என்றேன். வாத்தியார் புத்தி. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. நான் மேல போயி நேராவே கேட்டுக்கிறேன்" என்று மறுபடி சுளகை எடுத்தார்.

அடுத்த கார்த்திகையில் அம்மா சாட்சிக்கு எழுந்திருக்கவில்லை. போதகர் இரண்டு தரம் எங்கள் வாங்கைப் பார்த்தார். முழங்கால் வலி என்று நான் பிறகு சொன்னேன். அந்தக் கிழமை அம்மாயியின் மகள் வீட்டுக்கு அம்மா தனியாகப் போய்வந்தார் என்று தெரியும். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வரும்போது ஒரு பையில் பலாக்கொட்டை கொண்டுவந்தார்.

போன வருஷம்

இப்போது நாங்கள் இருக்கிற இடத்துக்கு மேலேயும் ஒரு மலை. எங்கள் பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயாராக இரு, 150 தாண்டினால் எழும்பிப் போ. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சந்தேகமாக இருந்தால் அளவைப் பார்த்துக் கிராம சேவகருக்குச் சொல்கிற பொறுப்பு எனக்கு. விரும்பி வாங்கிக்கொண்ட பொறுப்புத்தான்.

போன வருஷ மழையில் ஒரு ராத்திரி சிவப்பு வந்தது. பத்து மணிக்கு மேல். பையன்கள் நாலு பேரோடு வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போனோம். ஆட்களைக் கிளப்புவது லேசு இல்லை. போன மாதமும் இப்படித்தான் கிளப்பினீங்க, ஒன்றும் நடக்கவில்லையே என்பார்கள். கோழியை விட்டுவிட்டு எப்படி வருவது என்பார்கள். ஒருவர், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். எங்கள் சபைக்காரர்தான். பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் நான் வந்து நிற்கிறேன் என்றேன். அவர் முறைத்துக்கொண்டே சட்டையை மாட்டினார்.

கடைசி வீடு மேட்டில். தனியாக இருக்கிற ஒரு தாத்தா, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. எல்லோரோடும் சண்டை. தட்டினோம். கூப்பிட்டோம். உள்ளே விளக்கு இல்லை. பையன்களில் ஒருவன், "மகள் வீட்டுக்குப் போயிருப்பாரு சேர், வாங்க போவோம்" என்றான். மழைச் சத்தத்தில் அவன் சொன்னது பாதிதான் கேட்டது. நான் கதவைத் தடவிப் பார்த்தேன். தாழ்ப்பாள் உள்ளே இருந்து போட்டிருந்தது. வெளியே பூட்டு இல்லை.

தோளை வைத்தேன். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவது தடவை கொண்டியோடு பிய்ந்துகொண்டு நானும் கதவும் உள்ளே விழுந்தோம். தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என் அப்பன் பாட்டன் எல்லோரையும் இழுத்து ஏசினார். காதில் பஞ்சு வைத்துத் தூங்கியிருக்கிறார், குளிருக்கு. ஏசிக்கொண்டே கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களோடு இறங்கினார். பாடசாலை வரைக்கும் ஏசினார்.

அன்றைக்கு மலை இறங்கவில்லை. விடிந்ததும் வெயில் வந்தது. தாத்தா ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு தாழ்ப்பாள், இரண்டு கொண்டி, ஒரு பலகை, தச்சன் கூலி என்று ஒரு துண்டுக் கடதாசியில் கணக்கு எழுதிக் கொண்டுவந்திருந்தார், கணக்கப்பிள்ளைக் கையெழுத்தில். நான் பேரம் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே போய்த் தலையணைக்கு அடியில் இருந்து காசை எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். தாத்தா சீனி கூடக் கேட்டார்.